மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை பெற்றுத் தரும் பணி: முதல் சந்திப்பு முதல் வாழ்நாள் சான்று வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 18 வயது கடந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அடையாள அட்டை, உதவித்தொகை, காப்பாளர் சான்று போன்றவை கிடைக்கத் துணை நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தன்னார்வலராக இருக்கலாம், தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். எல்லாருக்கும் வேலை ஒன்றுதான்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறும் ஒன்றுதான். முதல் நாளே மனு எழுதிவிடுகிறார்கள். மனுவில் குறையே இருக்காது. ஆனால் ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் இன்னொரு பெயரும் இருக்கும். மருத்துவச் சான்று காலாவதியாகியிருக்கும். வேறு துறையில் ஏற்கெனவே ஒரு தொகை வந்துகொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்து மனு திரும்பி வரும். இந்த வழிகாட்டியில் மனு எட்டாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன் இருக்கும் ஏழு படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள் மறுபடி முதல் படிக்கே வந்து நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நபருக்கு ஒரு கோப்பு. அதன் முதல் தாளில் தேதி வாரியாக யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தோம் என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். ஆறு மாதம் கழித்து "நீங்க மனுவே கொடுக்கலையே" என்று ஒரு அலுவலர் சொல்லும்போது இந்தத் தாள்தான் பேசும்.

உங்கள் மாவட்டத்தில் மூன்று இடங்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம், மதிப்பீட்டு மருத்துவக் குழு கூடும் அரசு மருத்துவமனை. எந்தக் கிழமையில் எந்தப் பிரிவு மருத்துவர் வருகிறார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் எந்த வாசலில் இருக்கிறது, கழிப்பறைக்குள் நாற்காலி நுழையுமா என்பதையும் அன்றைக்கே பாருங்கள். இது தெரியாமல் 40 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒருவரை அழைத்து வருவது பெரிய கொடுமை.

இன்னொன்றும் முதலிலேயே முடிவாகட்டும். இந்த வேலைக்குக் காசு வாங்கக்கூடாது. தொகை வந்த பிறகு "சந்தோஷமாக" நீட்டுவதையும் வாங்கக்கூடாது. இடைத்தரகர்கள் நிறைந்த இடம் இது. ஒருமுறை வாங்கிவிட்டால் உங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அடுத்த குடும்பத்துக்காக நீங்கள் பேசும் பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்பிருக்காது.

1. முதலில் அவரிடமே பேசுங்கள்

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவோ அண்ணனோ பேச ஆரம்பித்துவிடுவார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, யாருக்காக வந்தோமோ அவர் முகத்துக்கு நேராக உட்காருங்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள 34 வயதுப் பெண் ஒருவரின் வீட்டில் இதைக் கற்றேன். பேச்சு குழறும், கை நடுங்கும். அரை மணி நேரம் அம்மாதான் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் நான், "உனக்கு என்ன வேணும்மா?" என்று அவரிடம் கேட்டேன். தம்பி மகளின் சிலேட்டை இழுத்து, இரண்டு நிமிடம் எடுத்து, "என் பேர்ல பாஸ்புக்" என்று எழுதினார். அதுவரை எல்லாரும் அம்மாவின் கணக்கில் பணம் போட வைக்கத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 13-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. சொத்து வைத்துக்கொள்ளவும் பண விவகாரங்களைத் தானே நடத்தவும் அவருக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு. ஒரு பண விஷயத்தில் உங்கள் நலனும் அவர் நலனும் மோதினால் அந்த விஷயத்தில் நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும். உங்கள் உதவி வேண்டாம் என்று அவர் வேறொருவரை வைத்துக்கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. இதை முதல் நாளே அவருக்குச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

2. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

அரைப் பக்கம் போதும். என் சார்பாக இன்னார் இந்த அலுவலகங்களில் மனு கொடுக்கவும், நிலையைக் கேட்கவும், ஒப்புகைச் சீட்டு வாங்கவும் சம்மதிக்கிறேன் என்று எளிய தமிழில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பார்வையற்றவராக இருந்தால் முழுவதையும் வாசித்துக் காட்டி, வாசித்துக் காட்டியதையும் அதில் எழுதி, சாட்சி ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பின்னால் நிலை கேட்கப் போகும்போது "நீங்க யாரு?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். இந்தத் தாள் இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். எல்லா ஆவணங்களின் நகலையும் உங்கள் கைபேசியில் நிரந்தரமாக வைத்திருக்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள், அழித்தும் விடுங்கள்.

3. வீட்டு நிலவரத்தை முழுதாகக் கேளுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வருட அலைச்சல் மிச்சமாகும்.

பாதிப்பு எப்போதிலிருந்து, என்ன சிகிச்சை எடுத்தார்கள், பழைய ஓ.பி. சீட்டு, ஸ்கேன், பள்ளிச் சான்று எல்லாம் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அன்றாடம் எதற்கெல்லாம் ஆள் துணை வேண்டியிருக்கிறது என்று காலை எழுவதிலிருந்து வரிசையாகக் கேட்டு எழுதுங்கள். பல் தேய்க்க, குளிக்க, சாப்பிட, கழிப்பறை போக, தெருவைக் கடக்க, மாத்திரை சாப்பிட, மீதிச் சில்லறை எண்ண. மருத்துவ மதிப்பீட்டின்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

ஏற்கெனவே ஏதாவது தொகை வருகிறதா என்பதை இரண்டு விதமாகக் கேளுங்கள். "உதவித்தொகை வருதா?" என்றால் இல்லை என்பார்கள். "மாசா மாசம் கணக்குல ஏதாவது ஏறுதா?" என்று கேட்டு, பாஸ்புக்கைப் பதிவு போடச் சொல்லிப் பாருங்கள். சில வீடுகளில் வந்துகொண்டிருப்பதே தெரியாது.

புதியவர்கள் கேட்காமலே விடுகிற ஒரு கேள்வி உண்டு: அப்பா அம்மா என்ன வேலை பார்த்தார்கள்? அரசு ஊழியர் அல்லது ஓய்வூதியர் இறந்தால், தானே சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளி மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் என்றால், மகனுடைய அல்லது மகளுடைய மற்ற வருமானம் பெற்றோர் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் தகுதி உண்டு என்று 2021-இல் தளர்த்தினார்கள். தனியார் ஆலையில் பி.எஃப். பிடித்தம் இருந்திருந்தால், 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலும் நிரந்தரமாக, முழுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு வயது வரம்பு பார்க்காமல் ஓய்வூதியம் உண்டு. மாத உதவித்தொகையைவிட இது பல மடங்கு இருக்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆவணங்களில் ஏற்றச் சொல்லுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு நிரூபிப்பது மிகக் கஷ்டம்.

4. எல்லாத் தாளிலும் ஒரே பெயர் ஆக்குங்கள்

ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், பழைய அடையாள அட்டை நான்கையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுதாக நீண்டிருக்கும். திருமணமான பெண்களுக்கு ஒரு அட்டையில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். பிறந்த தேதி ஒன்றில் நாள், மாதம், வருடத்தோடு இருக்கும், மற்றொன்றில் வருடம் மட்டும் இருக்கும்.

ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள். மற்றவை அதைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த பிறகு ஆதாரை மாற்றினால் அதையும் மறுபடி திருத்த வேண்டிவரும்.

விரல் இல்லாதவர், விரல் மடங்கிப்போனவர், கண் பாவை பதியாதவர் என்பதற்காக ஆதார் மறுக்கக்கூடாது. ரேகை பதியாவிட்டால் கருவிழி, அதுவும் முடியாவிட்டால் பயோமெட்ரிக் விலக்கு முறையில் பதிவு செய்ய விதி இருக்கிறது. "மெஷின் எடுக்கல" என்று திருப்பி அனுப்பினால் விலக்கு முறையில் பதியச் சொல்லிக் கேளுங்கள். கைபேசி எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். நீங்கள் ஊர் மாறினால் ஓ.டி.பி.யும் உங்களோடு போய்விடும்.

5. மருத்துவ மதிப்பீடும் யு.டி.ஐ.டி. அட்டையும்

யு.டி.ஐ.டி. என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இனி எல்லாமே இந்த அட்டையை நம்பித்தான். முன்பு சொன்ன 2016 சட்டம் 21 வகை பாதிப்புகளை ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். அட்டையின் நிறத்தைப் பார்த்தே நிலை தெரியும். 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

இணையத்தில் விண்ணப்பித்து வரும் பதிவு எண்ணைக் கோப்பின் முதல் தாளில் எழுதுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் பழைய மருத்துவத் தாள்கள் அசலாக, தேதி வரிசையில் இருக்கட்டும். காது கேளாமைக்குச் செவித்திறன் பரிசோதனை, அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியல் மதிப்பீடு என்று தனித்தனிச் சோதனைகள் உண்டு. எல்லாம் ஒரே நாளில் முடியும் என்று குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

சதவீதம் குறைந்துபோகும் இடம் ஒன்றைக் கிட்ட இருந்தே பார்த்திருக்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள 26 வயது இளைஞர். அம்மா அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு என்று அழைத்து வந்திருந்தார். டாக்டர், "தானா குளிப்பானாம்மா?" என்று கேட்டார். "குளிப்பான் சார், எல்லாம் நல்லா செய்வான், சொன்னா கேட்டுப்பான்" என்றார் அம்மா. மகனைப் பற்றிப் பெரிய மனிதர் முன்னால் குறைவாகச் சொல்ல எந்த அம்மாவுக்கு மனம் வரும்? வெளியே வந்த பிறகு நான் கேட்டேன், "அம்மா, தண்ணி சூடா இருக்கான்னு பாத்து ஊத்துறது யாரு?" "நான்தான் தம்பி. அவனுக்குச் சூடு தெரியாது, போன வருஷம் கொப்புளிச்சிப் போச்சு." அந்தக் கொப்புளத்தைப் பற்றி உள்ளே யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

அதனால் முந்தின நாளே மூன்றாவது படியில் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு குடும்பத்தாரோடு பேசுங்கள். "செய்வானா" என்று கேட்டால் துணை இல்லாமல் செய்வாரா என்று பொருள் கொண்டு பதில் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பின் சுத்தமான பிரதி ஒன்றை மருத்துவரிடம் கொடுக்கலாம்.

இதில் ஒரு எல்லை இருக்கிறது. நடிக்கச் சொல்லிக் கொடுக்கக்கூடாது. நடக்கிறவரைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. சலுகைக்காக மோசடி செய்தால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 91-ஆவது பிரிவு சொல்கிறது. அதைவிட, ஒருவரின் பொய்யால் அடுத்து வருகிற பத்துப் பேரை மருத்துவர் சந்தேகத்தோடு பார்ப்பார். உள்ளதை உள்ளபடி, விடாமல் சொல்ல வைப்பது மட்டுமே நம் வேலை.

*இரண்டு பாதிப்புகள் இருந்தால்*

ஒருவருக்குக் கால் பாதிப்பும் காது கேளாமையும் சேர்ந்து இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற காலை மட்டும் மதிப்பிட்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் மதிப்பிடக் கேளுங்கள். அவற்றைக் கூட்டும் முறை வேறு என்பதால் 60-ம் 45-ம் சேர்ந்து 105 ஆகாது. பெரிய சதவீதத்தை 90-இலிருந்து கழித்து, அதைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வரும் விடையைப் பெரியதோடு கூட்ட வேண்டும். 90-இலிருந்து 60 போனால் 30. 30-ஐ 45-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 15. 60-உடன் 15 சேர்ந்து 75.

இந்த 75-ஐ வேண்டுமென்றேதான் எடுத்துக்காட்டாக வைத்தேன். கடுமையான பாதிப்பு என்ற வகையில் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம்தான் வாசல். கால் மட்டும் மதிப்பிடப்பட்டு 60-இல் நின்றிருந்தால் அவர் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்பார்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசியுங்கள். பெயர், பாதிப்பின் வகை, சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா. தற்காலிகம் என்றால் முடியும் தேதியைக் கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதுங்கள். சிறு வயதில் வாங்கிய சான்றோடு வரும் பெரியவர்கள் நிறையப் பேர், அது முடிந்துபோனது தெரியாமலே இருக்கிறார்கள்.

சதவீதத்தில் நியாயம் இல்லை என்றால் 59-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மருத்துவரோடு வாக்குவாதம் செய்வதில் ஒரு பயனும் இல்லை. எந்தச் செயல்பாடு கணக்கில் வரவில்லை என்று குறிப்பாக எழுதி, அதற்கான தாளையும் இணைத்து மேல்முறையீட்டில் வையுங்கள்.

6. காப்பாளர் தேவையா என்று பாருங்கள்

பல பேருக்குத் தேவையில்லை. பார்வையற்றவர், கை கால் பாதிப்பு உள்ளவர், காது கேளாதவர் தாமாகவே கணக்குத் தொடங்கலாம். பார்வையற்றவர்கள் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதி உள்ளவர்கள், அவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை எல்லாம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கியில் "கார்டியன் கூட்டிட்டு வாங்க" என்றால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைப் பாதிப்பு ஆகிய நான்கிலும் வழி வேறு. 18 வயது முடிந்ததும் பெற்றோர் என்பதாலேயே சட்டக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்று இல்லாமல் இந்த விண்ணப்பம் நகராது. அதனால்தான் இதை ஐந்துக்குப் பின்னால் வைத்தேன். வங்கிக் கணக்குக்கும் உதவித்தொகைக்கும் காப்பாளர் சான்று கேட்பார்கள் என்பதால் ஏழுக்கு முன்னால் வைத்தேன்.

முன்பு சொன்ன சிலேட்டுப் பெண்ணுக்கு மூளை முடக்குவாதம்தான். ஆனால் தன் பணத்தைப் பற்றி அவருக்கு முழுத் தெளிவு இருந்தது. அவருக்குக் காப்பாளர் வைக்கவில்லை. கைநாட்டும் சாட்சியும் வைத்துத் தனிக் கணக்குத் தொடங்கினோம். பாதிப்பின் பெயரைப் பார்த்தே முடிவெடுக்காதீர்கள்.

காப்பாளராக நியமிக்கப்படுபவருக்குக் கடமைகள் உண்டு. ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். நியமனத்துக்கு முன்பே இதைக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

7. எந்தத் தொகைக்கு விண்ணப்பிப்பது

தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு துறைகளில் இரண்டு தொகைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. இது தெரியாமல் இரண்டு பக்கமும் மனு போட்டு, இரண்டும் நின்றுபோன வீடுகள் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு நோய், தொழுநோயால் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு போன்ற நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் இதில் வரும். வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ரூபாய் ஆனது. பொருளாதார நிலையையும் பார்த்துத்தான் அதைத் தருவார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 18 முதல் 79 வயதினரில் 80 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டப் பங்கும் இந்த வழியாகத்தான் வருகிறது. எந்தத் துறையாக இருந்தாலும் மனு போடும் நாளில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்களுக்கு வருவாய்த் துறை. ஏற்கெனவே 1,500 வாங்குபவர் 2,000-க்குத் தகுதி பெற்றால், புதிய ஆணை கைக்கு வருமுன் பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பழையதை எப்போது, யாரிடம் ரத்து செய்ய வேண்டும் என்று புதிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். இடைப்பட்ட மாதங்களில் மருந்து வாங்கப் பணம் இல்லாமல் போன குடும்பத்தைப் பார்த்த பிறகு இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

8. மனு

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார், எந்த வகைப் பாதிப்பு, எத்தனை சதவீதம், அட்டை எண், எந்தத் திட்டத்தின் கீழ் என்ன கேட்கிறோம், வேறு தொகை எதுவும் பெறவில்லை என்ற உறுதி (ஏற்கெனவே ஒரு தொகை வாங்குபவர் என்றால் அதை உள்ளபடி எழுத வேண்டும்), இணைப்புப் பட்டியல். கஷ்டத்தை நாலு பக்கம் எழுதுபவர்கள் உண்டு. அதைப் படிப்பவர் தேடுவது சதவீதத்தையும் அட்டை எண்ணையும்தான். அவை முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

இணைப்புகளில் அட்டை, ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம் இருக்கும். ஒவ்வொரு ஜெராக்ஸிலும் அவரே கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். மனுவில் "அவர்" என்று எழுதாமல் "நான்" என்றே எழுதுங்கள். மனு அவருடையது.

ஒப்புகை இல்லாமல் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள். இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண் பின்னால் மிகவும் உதவும்.

9. விசாரணையும் பின்தொடர்தலும்

வருவாய்த் துறை மனு என்றால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இருவரும் விசாரித்து எழுதுவார்கள். அவர்கள் வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் "விலாசத்தில் இல்லை" என்று ஒரு வரி போதும், மனு முடிந்தது. மனு கொடுத்த வாரமே வி.ஏ.ஓ.வைப் பார்த்து, எந்த நாளில் வருவீர்கள் என்று கேளுங்கள். சிகிச்சைக்கு வெளியூர் போவதாக இருந்தால் அதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

30 நாள் கழித்து முதல் விசாரிப்பு. "என்னாச்சு சார்?" என்று கேட்டால் "பாக்கலாம்" என்ற பதில்தான் வரும். மனு எண்ணைச் சொல்லி, "இப்ப எந்த மேசையில இருக்கு, அடுத்து யாருகிட்ட போகணும்?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தேதியோடு எழுதுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-இலும் பதியலாம். 60 நாள் கடந்தும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம். எப்போது தருவீர்கள் என்று அதில் கேட்காதீர்கள். இந்த மனு மீது எடுத்த நடவடிக்கைகளின் தேதி வாரி விவரமும் குறிப்புத் தாள்களின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இந்த விண்ணப்பம் போன பிறகே நகர்ந்த மனுக்கள் நிறைய.

அலுவலர்களிடம் கோபப்படாதீர்கள். ஒரே எழுத்தர் நூற்றுக்கணக்கான கோப்புகளோடு உட்கார்ந்திருப்பார். குறை இல்லாத கோப்பைக் கொண்டுவருபவர் என்று உங்கள் முகம் அவர் மனதில் பதிய வேண்டும்.

10. மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. அந்தக் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கான ஆவணத்தோடு பதில் எழுதுங்கள். மொத்த மனுவையும் புதிதாகப் போட்டால் பழைய தேதியும் வரிசையும் போய்விடும்.

அதற்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

11. தொகை வரத் தொடங்கிய பிறகு

ஆணை வந்தும் பணம் வரவில்லை என்றால், ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். எப்போதோ தொடங்கி மறந்துபோன ஒரு கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருக்கும்.

முதல் தொகை வந்ததும் அவரையே வங்கிக்கு அழைத்துப் போங்கள். சிலேட்டில் எழுதிய அந்தப் பெண், முதல் மாதம் பாஸ்புக்கில் வரி அச்சாகும்வரை இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பி அம்மாவிடம் காட்டினார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான வாழ்நாள் சான்றை வருடம் ஒருமுறை கொடுக்க வேண்டும். வி.ஏ.ஓ. கையெழுத்து, அட்டை, ஆதார், பாஸ்புக் நகல்களோடு அறிவிக்கும் தேதிக்குள் சேர்க்காவிட்டால் தொகை நின்றுவிடும். நின்றதைத் திரும்பத் தொடங்க மறுபடி அலைய வேண்டும். படுக்கையில் இருப்பவர் என்றால் முன்கூட்டியே வி.ஏ.ஓ.வை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சான்று கேட்கும் மாதம், தற்காலிக மருத்துவச் சான்று முடியும் மாதம், காப்பாளர் கணக்குக் கொடுக்கும் மாதம் மூன்றையும் அந்த வீட்டு நாட்காட்டியில் நீங்களே வட்டம் போட்டுவிட்டு, அடுத்த வருடம் யார் போட வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பெயரைப் பக்கத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.